செதுக்காத கட்டையும் பஞ்சுக் கரடியும்: தாவோவை மேற்குக்குச் சொன்ன ஒரு நூலின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில், வாஷிங்டன் பூங்காவுக்குள் அமைந்த ஜப்பானியத் தோட்டத்தில் மரங்களுக்குக் கவாத்து செய்யும் வேலையில் இருந்த பெஞ்சமின் ஹாஃப், இரவுகளிலும் வார இறுதிகளிலும் உட்கார்ந்து எழுதிய சிறு நூல் ஒன்று 1982ஆம் ஆண்டு ஈ. பி. டட்டன் பதிப்பகத்தின் வழியாக வெளிவந்தது. 'தி தாவோ ஆஃப் பூ' என்ற அந்த நூல், சீனத்தின் தாவோ தத்துவத்தை ஆங்கில வாசகருக்கு விளக்குவதற்கு, ஏ. ஏ. மில்ன் அரை நூற்றாண்டுக்கு முன் தம் மகனின் விளையாட்டுப் பொம்மைகளை வைத்து எழுதிய கரடிக் கதைகளைத் துணைக்கு அழைத்திருந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் அதிக விற்பனைப் பட்டியலில் அது 49 வாரங்கள் இடம்பிடித்தது. தாவோ மரபின் மூலவராகச் சொல்லப்படும் லாவோட்சு என்ற பெயரையே கேள்விப்பட்டிராத வாசகர் பலருக்கு அந்தப் பெயர் முதன்முதலில் அறிமுகமானது ஒரு தேன்பானையின் அருகில்தான்.

ஒரு தத்துவத்தை வேறொரு மரபின் குழந்தைக் கதைக்குள் ஊற்றும்போது எவ்வளவு பத்திரமாகச் சென்று சேர்கிறது, எது வழியில் சிந்துகிறது, சிந்துவதற்குச் சொல்பவரின் கவனக்குறைவு காரணமா, கதையின் வடிவமே காரணமா என்ற கேள்விகளை இந்த ஒரு நூலை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. கலத்துக்கும் கதைமாந்தருக்கும் தமிழில் 'பாத்திரம்' என்ற ஒரே சொல் வழங்குவது இந்த ஆய்வுக்கு எதிர்பாராத வசதி. லாவோட்சுவின் பெயரில் வழங்கும் தாவோ தே ஜிங் என்ற மூலநூலின் 28ஆம் இயலும் செதுக்காத மரக்கட்டை வெட்டுப்பட்டதும் பாத்திரங்களாகிவிடுகிறது என்றே பேசுகிறது.

காட்டின் குடிகள்

மில்னின் இரண்டு கதைத் தொகுதிகளும் 1926இலும் 1928இலும், ஈ. எச். ஷெப்பர்டின் கோட்டோவியங்களுடன் வெளியாயின. கதைகள் நடக்கும் நூறு ஏக்கர் வனம், தென்கிழக்கு இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் மில்ன் குடும்பத்தின் பண்ணைவீட்டுக்கு அருகிலிருந்த ஆஷ்டவுன் காட்டின் சாயலில் உருவானது. அங்கே வாழ்பவர்களில் நடுநாயகமானது வின்னி த பூ என்ற கரடி. தன்னை மூளை மிகக் குறைந்த கரடி என்று அது தானே சொல்லிக்கொள்ளும். தேன் எங்கே இருக்கிறது என்பதைத் தவிர வேறெதிலும் அதற்கு நீடித்த அக்கறை கிடையாது. பயந்த சுபாவமுள்ள பன்றிக்குட்டி பிக்லெட், எதிலும் சோகத்தையே காணும் கழுதை ஈயோர், துள்ளித் துள்ளி எல்லாரையும் தள்ளிவிடும் புலி டிக்கர், தாயும் சேயுமான கங்காரு இணை கங்காவும் ரூவும் ஆகியவையெல்லாம் மில்னின் மகன் கிறிஸ்டோபர் ராபினிடம் உண்மையிலேயே இருந்த பஞ்சு பொம்மைகள்.

ஆந்தையும் முயலும் மட்டும் பொம்மைகள் அல்ல. கதைக்காக மில்ன் கற்பனையில் சேர்த்தவை. ஷெப்பர்டும் அவற்றைத் தையல் தெரியும் பொம்மைகளாக வரையாமல் நிஜப் பறவையாகவும் நிஜ விலங்காகவும் வரைந்தார். ஓரிடத்தில் முயல் ஆந்தையிடம், நம் இருவருக்கும்தான் மூளை இருக்கிறது, மற்றவர்களுக்குள் இருப்பது வெறும் பஞ்சு என்கிறது. ஹாஃபின் நூல் முழுவதும் இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது என்பது என் கணிப்பு. பஞ்சு அடைத்த தலை ஏன் மூளை நிறைந்த தலையைவிட மேலானது என்பதை நிறுவுவதே அவர் எடுத்துக்கொண்ட பணி; எதிர்த்தரப்பில் அவர் நிறுத்துபவை, தன் பெயரையே தப்பாக எழுதும் படிப்பாளி ஆந்தையும், எந்நேரமும் திட்டம் தீட்டிக்கொண்டிருக்கும் முயலும்.

வாசகர் ஏற்கெனவே நின்ற இடம்

1982இன் ஆங்கில வாசகருக்குத் தாவோ முற்றிலும் புதிய சொல் அன்று. தாவோ மரபின் மற்றொரு பெரும் சிந்தனையாளரான சுவாங்ட்சுவின் பெயரிலுள்ள நூலை ஹெர்பர்ட் ஜைல்ஸ் மொழிபெயர்த்து 1889இல் வெளியிட்டார். அதற்கு மறு ஆண்டே மதிப்புரை எழுதிய எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட், பிறரைத் திருத்தியே தீருவது என்று அலைந்த விக்டோரியா காலத்து நல்லவர்களை இடிப்பதற்குச் சீன ஞானியைக் கையில் எடுத்துக்கொண்டார். ஹாங்காங்கில் மிஷனரியாக இருந்து பின்னர் ஆக்ஸ்போர்டின் முதல் சீனமொழிப் பேராசிரியரான ஜேம்ஸ் லெக், 1891இல் தாவோ நூல்களைக் கிழக்கின் புனித நூல்கள் வரிசையில் பதிப்பித்தார். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் தாமஸ் மெர்ட்டன், ஆலன் வாட்ஸ், ஃப்ரிட்ஜாஃப் காப்ரா என்று வரிசை நீண்டது. துறவி, தத்துவப் பேச்சாளர், இயற்பியலாளர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாசலைத் திறந்துவிட்டிருந்தாலும், உள்ளே நுழைய விரும்பும் வாசகரிடம் கொஞ்சம் முன்தயாரிப்பை எல்லாரும் கேட்டார்கள்.

ஹாஃப் அந்தத் தயாரிப்பைக் கேட்கவில்லை. ஞானப் பேராசான்கள் எல்லாரும் கிழக்கிலிருந்தே வந்தார்கள் என்று நண்பர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, மேற்கிலிருந்தும் ஒருவர் வந்திருக்கிறார் என்று அவர் மறுத்துச் சொல்லி, பூவின் கதையிலிருந்து ஒரு பகுதியை வாசித்துக் காட்டுவதாக நூலின் முகப்பு அமைந்திருக்கிறது. பார்வைக்கு வெறும் வேடிக்கையாகத் தோன்றும் இந்தத் தொடக்கத்தில்தான் நூலின் உத்தி முழுவதும் இருக்கிறது. சீனத்துப் பொருளைக் கப்பலில் ஏற்றி மேற்குக்குக் கொண்டுவருவதற்குப் பதில், வாசகர் தொட்டிலிலிருந்து அறிந்த சொந்தக் கதையை மறுபடி திறந்து, இது உங்கள் வீட்டிலேயே இருந்ததே என்று அவர் காட்டுகிறார். அந்நியம் என்ற தடையே எழவில்லை, ஏனெனில் எதையும் புதிதாகக் கற்பதாக வாசகர் உணரவில்லை. மறந்ததை நினைவுகூர்வதாகவே உணர்ந்தார்.

இந்த உத்திக்குச் சொல்லொற்றுமையும் கைகொடுத்தது. செதுக்காத மரக்கட்டையைக் குறிக்கும் சீனச் சொல், சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் வேட்-ஜைல்ஸ் முறையில் ஏறத்தாழப் 'பூ' என்றே ஒலிக்கும். (அந்த முறையின் பெயரிலுள்ள ஜைல்ஸ், மேலே சொன்ன மொழிபெயர்ப்பாளரேதான். தமிழ்க் காதுக்கு அதே ஒலி மல்லிகையை நினைவூட்டும் என்பதை ஹாஃப் அறிந்திருக்க வாய்ப்பில்லை.) மரத்தின் குறியும் அடர்ந்த புதரின் குறியும் சேர்ந்த அந்த எழுத்தைப் பிரித்துக் காட்டி, வெட்டப்படாத மரம், இயல்பு குலையாத எளிமை, அந்த எளிமைக்குள்ளேயே உறையும் ஆற்றல் என்று அவர் விளக்குகிறார். சிலேடையை ஆதாரமாகக் கொள்ள முடியாதுதான். ஆனால் நினைவில் நிற்பதற்குச் சிலேடையைவிட நல்ல ஆணி கிடையாது. அமெரிக்காவில் மில்னின் கதைகளை 1926 முதல் வெளியிட்டு வந்ததும் இதே டட்டன் பதிப்பகம் என்பதையும் இங்கே மறக்கக் கூடாது. மூலக்கதையின் பத்திகளும் ஷெப்பர்டின் ஓவியங்களும் பக்கத்துக்குப் பக்கம் வரும் இப்படியொரு நூல், உரிமை வேறொரு பதிப்பகத்தின் கையில் இருந்திருந்தால் இவ்வளவு எளிதாக உருவாகியிருக்காது.

கதை வேலை செய்யும் இடங்கள்

பூவும் நண்பர்களும் வட துருவத்தைக் கண்டுபிடிக்கப் புறப்பட்ட கதையில், ஓடையில் முகம் கழுவிக்கொண்டிருந்த குட்டி ரூ தவறி விழுந்து நீரில் அடித்துச் செல்லப்படுகிறது. பிக்லெட் நின்ற இடத்திலேயே குதித்துக் குதித்துக் கத்துகிறது. திடீரென நீரில் மூழ்க நேர்ந்தால் தலையை மேலே வைத்துக்கொள்வதே முக்கியம் என்று ஆந்தை விளக்கவுரை நிகழ்த்துகிறது. முயல் ஆணைகள் பிறப்பிக்கிறது. ஈயோர், ரூ பற்றிக்கொள்ளட்டும் என்று ஓடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாலைத் தண்ணீரில் தொங்கவிட்டு, ரூ வெகுதூரம் போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பூ மட்டும் சற்றுக் கீழே போய், கண்ணில் பட்ட நீண்ட கழியொன்றை எடுத்து ஓடைக்குக் குறுக்கே நீட்டுகிறது. மறுமுனையை ரூவின் தாய் பிடித்துக்கொள்ள, மிதந்து வந்த ரூ கழியில் தொற்றிக் கரையேறுகிறது.

வூ வெய் என்ற தாவோ கருத்தைச் 'செயலின்மை' என்று மொழிபெயர்த்துவிட்டு, அது சோம்பலைக் குறிக்காது என்று மூன்று பத்தி விளக்கம் எழுதுவது உரையாசிரியர்களின் வழக்கம். அந்த விளக்கத்துக்கு இந்தக் காட்சியில் தேவையே எழவில்லை. எல்லாரும் ஏதோ ஒன்றைத் தீவிரமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். நடக்க வேண்டியதோ, நீரின் போக்குக்கு எதிராக எதுவும் செய்யாத ஒரு கரடியின் கையால் நடந்துவிடுகிறது. சுவாங்ட்சு நூலின் 19ஆம் இயலில் இதற்கு உறவான கதை ஒன்று உண்டு. ஹாஃபும் அதை எடுத்தாள்கிறார். மீனும் ஆமையும்கூட நீந்த முடியாத லூலியாங் அருவியில் ஒருவன் குதிப்பதைக் கண்ட கன்ஃபூசியஸ், உயிரை மாய்த்துக்கொள்ளக் குதித்தான் என்று எண்ணிச் சீடர்களை அனுப்புகிறார். அவனோ தலைமுடியை விரித்துப் போட்டுப் பாடிக்கொண்டு கரையில் நடக்கிறான். சுழலோடு உள்ளே போகிறேன், எழும் நீரோடு வெளியே வருகிறேன், தண்ணீரின் வழியைத் தொடர்கிறேன், என் விருப்பத்தை அதன் மேல் சுமத்துவதில்லை என்பது அவன் தரும் விடை.

மூடுபனியில் வழி தவறும் கதை இன்னும் நுட்பமானது. முயலும் பூவும் பிக்லெட்டும் வீட்டைத் தேடித் தேடி, ஒவ்வொரு முறையும் புறப்பட்ட மணல்குழிக்கே வந்து சேர்கிறார்கள். வீட்டைத் தேடும்போதெல்லாம் குழி கிடைக்கிறதே, அப்படியானால் குழியைத் தேடினால் என்ன, தேடாத ஏதாவது ஒன்று கிடைக்கலாமே என்று பூ மெதுவாகக் கேட்கிறது. முயல் அதை ஏளனம் செய்துவிட்டுத் தனியே கிளம்பிப் போய்க் காணாமல் போகிறது. அதன் பேச்சு நின்ற பிறகு ஏற்பட்ட அமைதியில், வீட்டு அலமாரியிலுள்ள 12 தேன்பானைகள் தன்னை வெகுநேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருப்பது பூவுக்குக் கேட்கிறது. அந்த அழைப்பைப் பிடித்துக்கொண்டே அது வீடு சேர்கிறது. மஞ்சள் பேரரசர் தொலைத்த கருமுத்தை அறிவும் கூரிய பார்வையும் வாதத்திறமையும் தேடித் தோற்றபின் உருவற்ற வெறுமை கண்டெடுத்தது என்று சுவாங்ட்சு சொல்லும் குறுங்கதை, ஹாஃபின் நூலில் இடம்பெறுவதும் இந்த உறவால்தான். சீனக் கதை ஒரு பத்தியில் முடிந்துவிடும் உருவகம். மில்னின் கதையில் ஈரமும் பசியும் சலிப்பும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து வைக்கும்போது ஒன்று மற்றொன்றுக்கு உரையாகிறது.

மூன்றாவது வெற்றி, 'பிஸி பேக்ஸன்'. எழுதப் பழகிக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் ராபின், வெளியே போகிறேன், சீக்கிரம் திரும்புவேன், வேலையாக இருக்கிறேன் என்று கதவில் ஒட்டிய சீட்டில் எழுத்துப்பிழையால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதைப் படித்த ஆந்தை, பேக்ஸன் என்பது காட்டில் திரியும் ஒருவகை விலங்கு என்று முடிவு கட்டுகிறது. ஹாஃப் அந்தப் பெயரை எடுத்து, எங்கும் நில்லாமல் ஓடும் நவீன மனிதனுக்குச் சூட்டினார். சீனத்தில் தேநீர்க்கடை, பிரான்சில் நடைபாதை ஓரக் காப்பிக்கடை, அமெரிக்காவில் ஹாம்பர்கர் கடை என்று அவர் அடுக்கும்போது, முதல் இரண்டும் உட்காரச் சொல்கின்றன, மூன்றாவது சீக்கிரம் தின்றுவிட்டு எழுந்திரு என்கிறது. துயரம் தோய்ந்த பியூரிட்டன் (கடுநெறிக் கிறித்தவர்), இருப்புக்கொள்ளாத குடியேறி, தனித்த மாட்டிடையன் ஆகியோர் வழிவந்தவனே இந்தப் பேக்ஸன் என்று அவர் கொடிவழி காட்டுகிறார். இந்தப் பகுதி சீனத்தைப் பற்றியதே அன்று, அமெரிக்காவைப் பற்றியது. நூல் விற்றதற்கு இதுவே பெருங்காரணம் என்று நினைக்கிறேன். வைல்ட் 1890இல் செய்ததை ஹாஃப் 1982இல், காப்பிக்கடை மொழியில் செய்தார்.

வினிகர்ப் பானையைச் சுற்றி மூவர்

நூலின் தொடக்கத்தில் ஹாஃப் விவரிக்கும் ஓவியம் கிழக்காசிய மரபில் புகழ்பெற்றது. வினிகர் நிறைந்த சாடியைச் சுற்றி நிற்கும் மூவரும் விரலைத் தோய்த்துச் சுவைக்கிறார்கள். கன்ஃபூசியஸின் முகத்தில் புளிப்பு, புத்தரின் முகத்தில் கசப்பு, லாவோட்சுவின் முகத்தில் மட்டும் புன்னகை. வாழ்க்கையைப் புளித்துப்போனதாகக் கண்டு சடங்குகளாலும் விதிகளாலும் திருத்த முயன்றவர் ஒருவர், துன்பமெனக் கண்டு விடுபட வழி தேடியவர் ஒருவர், வினிகரை வினிகராகவே ஏற்றுக்கொண்டவர் ஒருவர் என்பது ஹாஃபின் வாசிப்பு.

சொல்லும் விதத்தில் இது அழகான தொடக்கம், பொருளில் ஒருதலையானது. மூவரும் ஒரே பானையிலிருந்து சுவைக்கிறார்கள் என்பதால், மூன்று நெறிகளும் ஒன்றே என்று சொல்லும் ஓவியமாகவே அதை மரபில் பலர் கொண்டாடினார்கள். சாடியைச் சுற்றி நிற்பவர்கள் சோங் காலத்துக் கவிஞர்களான சு ஷியும் ஹுவாங் டிங்ஜியனும் ஃபோயின் என்ற துறவியும்தான் என்ற வேறொரு மரபும் உண்டு. அதில் போட்டிக்கே இடமில்லை. அதைவிட முக்கியமானது, சுவாங்ட்சு நூலுக்குள் கன்ஃபூசியஸ் எப்படி நடத்தப்படுகிறார் என்பது. சில இடங்களில் அவர் கேலிக்கு ஆளாவது உண்மை. ஆனால் 4ஆம் இயலில் மனத்தின் நோன்பைப் பற்றித் தம் சீடர் யான் ஹுய்க்குக் கற்பிப்பவர் அவரே, அருவிக் கதையில் நீச்சல்காரனிடம் மாணவனைப் போலப் பணிந்து கேட்பவரும் அவரே. எதிராளியின் வாயிலேயே தன் மிகச் சிறந்த வரிகளை வைக்கும் அந்தக் குறும்பு ஹாஃபிடம் இல்லை. கன்ஃபூசியஸ் வழிவந்தவர்களைக் குழப்பத்துக்கான ஆங்கிலச் சொல்லோடு சேர்த்துச் சிலேடையாக்கி, காய்ந்துபோன படிப்பாளிகள் என்று ஆந்தையின் கூட்டில் அடைத்துவிடுகிறார். தாவோவை அவருக்குப் படிக்கக் கொடுத்த மொழிபெயர்ப்புகளும் அந்தப் படிப்பாளிகளின் கைவேலைதான்.

சிந்திப்போனவை

நூறு ஏக்கர் வனத்தில் அரசன் இல்லை. வரியில்லை, படையில்லை, பஞ்சமில்லை. தாவோ தே ஜிங்கோ, அரசுகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்த போரிடும் நாடுகளின் காலத்தோடு பிணைந்த நூல்; அதன் 81 இயல்களில் கணிசமானவை ஆள்பவரை நோக்கிப் பேசுகின்றன. பெரிய நாட்டை ஆள்வது சின்ன மீனைச் சமைப்பது போன்றது, கிளறிக்கொண்டே இருந்தால் உதிர்ந்துவிடும் என்கிறது 60ஆம் இயல். மக்களின் மனங்களை வெறுமையாக்கு, வயிறுகளை நிரப்பு, விருப்பங்களைத் தளர்த்து, எலும்புகளை வலுவாக்கு என்கிறது 3ஆம் இயல். இதை வாசித்து உள்ளூர நடுங்காதவர் இருக்க முடியாது. செதுக்காத கட்டை என்ற உருவகமே 32ஆம், 37ஆம் இயல்களில் அரசர்கள் கைக்கொள்ள வேண்டியதாகவே வருகிறது. அறியாமையைப் போற்றும் வரிகளை அரசவையிலிருந்து எடுத்துப் பஞ்சுக் கரடியிடம் கொடுக்கும்போது அவை இனிமையாகிவிடுகின்றன. அறியாமல் இருக்க வேண்டியவர் யார், அதை விரும்புபவர் யார் என்ற கேள்வி மறைந்துபோகிறது.

சாவும் இந்தக் காட்டுக்குள் வருவதில்லை. மனைவி இறந்தபோது சுவாங்ட்சு கால்களை விரித்து உட்கார்ந்து பானையைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார் என்பது அவர் பெயரிலுள்ள நூலின் மறக்க முடியாத காட்சிகளில் ஒன்று. தண்டனையாகப் பாதம் வெட்டப்பட்டவர்களை அந்நூலின் 5ஆம் இயல் ஞானிகளாக நிறுத்துகிறது. தாவோ தே ஜிங்கின் 5ஆம் இயலோ, வானும் பூமியும் பரிவு காட்டுவதில்லை, அனைத்துயிரையும் வைக்கோல் நாய்களாகவே நடத்துகின்றன என்று கூறும். வைக்கோல் நாய் என்பது சடங்குக்காகச் செய்து, சடங்கு முடிந்ததும் எறியப்படும் பொம்மை. ஒரு பக்கம் உலகத்தையே எறியப்படும் வைக்கோல் பொம்மையாகப் பார்க்கும் நூல், மறுபக்கம் என்றும் எறியப்படாத பஞ்சு பொம்மை; இவை இரண்டும் ஒரே அட்டைக்குள் வந்தும் ஒருமுறைகூட நேருக்கு நேர் சந்திக்கவில்லை என்பதே இந்த நூலின் பெருங்குறையாக எனக்குப் படுகிறது.

பயிற்சி என்பதும் விடுபட்டுப் போகிறது. சுவாங்ட்சுவின் சமையற்காரன் டிங், 19 ஆண்டுகள் தீட்டாத கத்தியால் ஆயிரக்கணக்கான மாடுகளை அறுத்தவன். ஆனால் தொடக்கத்தில் தன் கண்ணுக்கு மாடு முழு மாடாகவே தெரிந்தது என்றும், அது மாற மூன்று ஆண்டுகள் பிடித்தன என்றும் அவனே சொல்கிறான். அவனுடைய எளிமை கற்றுக் கடந்த பிறகு வந்தது. பூவின் எளிமை கற்காததால் இருப்பது. இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பதால் கதை இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. தமிழில் இதே வழுக்கலுக்கு நாமும் தப்பவில்லை. வூ வெய் என்றதும் அருணகிரியாரின் 'சும்மா இரு சொல்லற' நினைவுக்கு வந்து, இது நம்முடையதுதானே என்று தோன்றிவிடும். முருகனின் அருளால் வரும் அந்த நிலைக்கும் அருவியில் நீந்துபவனின் நிலைக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்காமல் வைக்கும் சமன்குறி, ஹாஃப் வைத்த சமன்குறியின் உடன்பிறப்பே.

சமயம் என்ற பகுதி முழுவதும் வெளியே நிற்கிறது. கி.பி. 142இல் சிச்சுவானில் ஜாங் தாவோலிங் நிறுவியதாக மரபு சொல்லும் வான ஆசான்களின் நெறி, 1445இல் மிங் அரசவையின் ஆதரவில் அச்சான ஏறத்தாழ 1,500 நூல்கள் கொண்ட தாவோ திருமுறைத் தொகுதி, குருக்கள், திருவிழாக்கள், மூச்சுப் பயிற்சிகள், உடலுக்குள் குடியிருக்கும் தெய்வங்கள் ஆகிய எதுவும் இந்த நூலின் எல்லைக்குள் இல்லை. தூய தத்துவத் தாவோ ஒன்று, சீரழிந்த சமயத் தாவோ ஒன்று என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை லெக் காலத்து மிஷனரி அறிஞர்கள் மேற்கில் பரப்பினார்கள். வெகுசன நூல்கள் அதைக் கேள்வியின்றிச் சுவீகரித்தன. தாய்வானின் தைனானில் 1968இல் முறைப்படி தாவோ குருவாகத் தீட்சை பெற்ற டச்சு அறிஞர் கிறிஸ்டோஃபர் ஸ்கிப்பர், சடங்கையும் உடலையும் மையமாக வைத்துப் பிரெஞ்சில் எழுதிய நூல் வெளிவந்ததும் இதே 1982இல்தான். அவர் காட்டிய தாவோவும் ஹாஃப் காட்டிய தாவோவும் ஒரே ஆண்டில் பிறந்தும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள முடியாதவை. ரஸ்ஸல் கர்க்லண்ட் போன்ற பிற்கால ஆய்வாளர்கள், மேற்கின் கடைகளில் விற்கும் தாவோ பெரும்பாலும் மேற்கே உருவாக்கிக்கொண்டது என்று கடுமையாகவே எழுதினார்கள்.

இரண்டு சிறு சான்றுகளையும் குறித்துவைக்க வேண்டும். 1677இல் பிறந்து 1933இல், 256ஆம் வயதில் இறந்ததாக அக்காலச் செய்தித்தாள்கள் எழுதிய ஒரு மூலிகை வைத்தியரின் கதையை ஹாஃப் ஐயமின்றி எடுத்துச் சொல்கிறார். ஆந்தையின் படிப்பைக் கேலி செய்பவர், தாமும் சற்று ஆந்தையைப் போல ஆதாரம் பார்த்திருக்கலாம். மற்றொன்று கல்தச்சன் கதை. தன் நிலையில் நிறைவில்லாத ஒரு கல்தச்சன் வணிகனாகி, அதிகாரியாகி, சூரியனாகி, சூரியனை மறைக்கும் மேகமாகி, மேகத்தை விரட்டும் காற்றாகி, காற்றுக்கு அசையாத பாறையாகி, கடைசியில் பாறையில் உளி இறங்கும் ஓசையைக் கேட்கிறான். இதற்கு நெருங்கிய வடிவம் 1860இல் வெளியான 'மாக்ஸ் ஹாவெலார்' என்ற டச்சு நாவலில், ஜப்பானியக் கல்தச்சனின் கதையாகவே இருக்கிறது. பஞ்சதந்திரம் படித்த தமிழருக்கோ இந்தச் சங்கிலி அதற்கும் முன்பே பழக்கம்: முனிவர் பெண்ணாக்கி வளர்த்த எலிக்குச் சூரியன், மேகம், காற்று, மலை என்று ஒவ்வொரு மாப்பிள்ளையாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் மலையைக் குடையும் எலிக்கே மணம் முடிக்கும் கதை அது. ஒரு கதை தாவோவின் கருத்துக்குப் பொருந்துகிறது என்பது வேறு, அது தாவோ மரபிலிருந்து வருகிறது என்பது வேறு; கதைகளைக் கொண்டு தத்துவம் சொல்லும் நூல்களில் இந்த வேறுபாடுதான் முதலில் அழிகிறது.

பின்னர் நடந்தது

1992இல் ஹாஃப், பிக்லெட்டை மையமாக வைத்து இரண்டாம் நூலை எழுதினார். விற்பனைப் பட்டியலில் அது 59 வாரங்கள் இருந்தது. ஆயினும் வாசிப்பில் முதல் நூலின் அருகே வராது. ஈயோரின் மனநிலை சமூகத்தையே பிடித்திருக்கிறது என்று ஆசிரியர் தம் சொந்தக் குரலில் நீண்ட குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். பிக்லெட் மெல்ல ஓரத்துக்குப் போய்விடுகிறது. முதல் நூலிலும் ஆசிரியர் விளக்கவே செய்தார். ஆனால் அவர் விளக்கும்போதெல்லாம் பூ பசியோடு குறுக்கிட்டது அல்லது தூங்கிப்போனது. அந்தக் குறுக்கீடுகள்தாம் நூலைக் காப்பாற்றின. 2006இல் பதிப்புத் துறையைச் சாடி நீண்ட பிரியாவிடை மடல் ஒன்றை எழுதிய ஹாஃப், நூல் எழுதுவதிலிருந்து விலகுவதாக அறிவித்தார்.

அதே ஊரில் வேறொரு வழி

ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே போர்ட்லண்ட் நகரில் நெடுங்காலம் வாழ்ந்து 2018இல் மறைந்த எழுத்தாளர் உர்சுலா லெ குவின், தம் தந்தையின் அலமாரியில் இருந்த தாவோ தே ஜிங்கைச் சிறுவயதிலேயே வாசித்தவர். 1968இல் இளையோருக்கென்று அவர் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலில் தாவோ என்ற சொல்லே வராது. மந்திரம் கற்கத் துடிக்கும் கெட் என்ற சிறுவன், ஓகியன் என்ற மௌன ஆசானிடம் சீடனாகிறான். மழை வருகிறது. மழையைத் திசைதிருப்பும் மந்திரம் அறிந்த ஆசான், அதைப் பெய்ய விட்டுவிட்டு ஒரு மரத்தடியில் படுத்துக்கொள்கிறார். நனைந்து கொதிக்கும் சிறுவனுக்கு, பயன்படுத்தாத ஆற்றலால் என்ன பயன் என்பது விளங்குவதில்லை. வழியில் கண்ட செடியொன்றின் பயன் என்னவென்று அவன் கேட்கும்போது, உன்னாலும் என்னாலும் என்ன பயன் என்று ஆசான் திருப்பிக் கேட்கிறார். பயனற்றது என்பதாலேயே வெட்டுப்படாமல் நிலைக்கும் சுவாங்ட்சுவின் மரம் அந்த ஒரு கேள்விக்குள் நிற்கிறது. ஆற்றல், அதன் துர்ப்பயன், சாவு என்று ஹாஃபின் காட்டில் நுழையாதவை எல்லாம் இங்கே கதையின் முதுகெலும்பாகவே இருக்கின்றன.

ஆனால் லெ குவினின் வாசகர்களில் பெரும்பகுதியினர், தாம் வாசித்ததற்கு ஒரு சீனப் பெயர் உண்டு என்பதை அறியாமலே புத்தகத்தை மூடியிருப்பார்கள். ஹாஃபின் வாசகர் பெயரை அறிந்தார், முகவரியை அறிந்தார், அடுத்து எந்த நூலைத் தேடலாம் என்பதையும் அறிந்தார். விளக்குவதும் உணர்த்துவதும் வெவ்வேறு பண்டங்கள் என்பதால், ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளப்பது நியாயமாகாது. 1997இல் லெ குவினும் தாவோ தே ஜிங்கைத் தம் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கதை உணர்த்தியதற்குப் பெயர் சொல்ல அவருக்கும் ஒருநாள் தோன்றியிருக்கிறது.

ஒன்றுமில்லாததைச் செய்தல்

1928இன் தொகுதியில் கடைசிக் கதை, கிறிஸ்டோபர் ராபின் காட்டைவிட்டுப் போகப்போவதைப் பற்றியது. ஏன் போகிறான், எங்கே போகிறான் என்று யாருக்கும் தெரியாது. பள்ளி என்று ஊகிப்பது வாசகர் மட்டுமே. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஒன்றுமில்லாததைச் செய்வது என்று அவன் பூவிடம் சொல்கிறான். தாவோவின் செயலின்மையை இந்த வரியில் ஹாஃப் காண்பதில் வியப்பில்லை. ஆனால் மில்னின் கதை அந்த வரியோடு நிற்பதில்லை. இனிமேல் ஒன்றுமில்லாததைச் செய்யப்போவதில்லை, அவர்கள் விடமாட்டார்கள் என்றும் அந்தச் சிறுவன் சொல்கிறான். தாவோ தே ஜிங் குழந்தைநிலைக்குத் திரும்பச் சொல்கிறது. லாவோட்சு என்ற பெயரையே 'முதிய ஆசான்' என்றும் படிக்கலாம், 'முதிய குழந்தை' என்றும் படிக்கலாம். மில்னின் கதையில் திரும்பும் பாதை இல்லை. போகும் பாதை மட்டுமே இருக்கிறது. கரடி அங்கேயே இருக்கும், சிறுவன் இருக்க மாட்டான்.

எனக்கு நூறு வயதானாலும் என்னை மறக்க மாட்டாயே என்று அவன் கேட்கிறான். அப்போது எனக்கு எத்தனை வயதாகும் என்று பூ சிறிது யோசித்துவிட்டுக் கேட்கிறது. தொண்ணூற்றொன்பது என்கிறான். சரி என்று கரடி தலையசைக்கிறது.